நெற்றியில் உன் பெயர்

துல்யெவால்கோ
நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மரிசேலாவுக்கு,

உன் கணவன் எவேலியோ எழுதிக்கொள்வது. நானும் நம் பிள்ளை லாலியும் சௌக்கியம். அந்தக் கனடாக் குளிரில் உன் கைகால் எல்லாம் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று தெருமுனை மாதாவுக்குத் தினமும் வண்டியை நிறுத்தாமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறேன். நிறுத்தினால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுகிறான்.

போனில் பேசுகிறவன் திடீரென்று எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் நாம் பேசும்போதெல்லாம் லாலி பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் நீ, "மொதலாளி குளிர்காலத்துக்கும் இருக்கச் சொல்றாரு, பாக்கலாம்" என்றாய். நானும் "பாக்கலாம்" என்றேன். அப்புறம் அங்கே பனி விழுந்துவிட்டதா என்று கேட்டேன். பனி விழுந்தால் எனக்கென்ன, விழாவிட்டால் எனக்கென்ன? கேட்க வேண்டியதைக் கேட்க வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டு எர்லிந்தாவின் தங்கை மகள் தெல்ஃபினா வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாள். நீ வேலை செய்கிற அதே தக்காளி வளர்க்கிற கண்ணாடிக் குடிலுக்குத்தான் வருகிறாளாம். அவள் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு தகர டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படி, டப்பாவை அப்புறம் திற. உனக்குப் பொறுமை கிடையாது, இந்நேரம் திறந்திருப்பாய். திறந்திருந்தாலும் மேலே காகிதத்தில் சுற்றி வைத்திருப்பதை மட்டும் தொடாதே.

லாலியின் பல் விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். விடியுமுன் நான் மினிபஸ்ஸை எடுத்தாகவேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிறவரை அவளை யாரிடம் விடுவது? போர்வையைச் சுற்றி என் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்துக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். காலைச் சாப்பாடும் அந்தச் சீட்டில்தான். வழியில் கிடைக்கிற பாக்கெட் கேக், கூட ஒரு கலர் சோடா. பிள்ளை அழாமல் சாப்பிட்டால் போதும் என்று நானும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் வகுப்பில் தூங்கிவிழ ஆரம்பித்தாள், பல்வலியும் வந்துவிட்டது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா லாலியின் வாயை எட்டிப் பார்த்துவிட்டு என்னைத்தான் முறைத்தாள். "இது புள்ளை வாயா, இல்ல பேக்கரியா? காலங்காத்தால வெறும் சக்கரையா ஊட்டினா வகுப்புல தூங்காம என்ன பண்ணும்?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். லாலி வாயைத் திறந்தபடியே ஏதோ கொழகொழவென்று சொன்னாள். விளங்கவில்லை. டாக்டரம்மா கருவியை வெளியே எடுத்ததும் திரும்பச் சொன்னாள்: "அப்பாவத் திட்டாதீங்க. எங்கம்மா ஊர்ல இல்ல." அதற்கப்புறம் அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கீரை விதையைப் பொரித்துத் தேனில் உருண்டை பிடித்து ஊருக்கெல்லாம் விற்கிற ஊர் நம்முடையது. இங்கே பிறந்து வளர்ந்துவிட்டு நான் பிள்ளைக்குப் பாக்கெட் கேக் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்ததை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுவதற்கும் உருண்டை பிடித்து வைத்துவிடலாமே என்று கணக்குப் போட்டேன். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுப்பில்தான் சரியில்லை.

கல்லில் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போடக்கூடாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்போதும் அவசரம் அல்லவா, பையோடு கவிழ்த்தேன். அடியில் இருந்தது கரியாகிவிட்டது, மேலே இருந்தது பச்சையாகவே கிடந்தது. புகையைப் பார்த்து எர்லிந்தா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "அண்ணே, வீடு பத்திக்கிச்சா, இல்ல சமையலா?" என்றாள். லாலிக்கு அவள் ஞானத்தாய் ஆயிற்றே, அந்த உரிமையில் சுவர் ஏறியே உள்ளே வந்துவிடுவாள் போலிருந்தது. அடுத்த ஞாயிறு பொரி நன்றாக வந்தது. ஆனால் தேனை அடுப்பில் வைத்துவிட்டு உன்னோடு போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். உருண்டையா அது, கூழாங்கல்! கடித்திருந்தால் பிள்ளைக்கு மிச்சமிருக்கிற பல்லும் போயிருக்கும். அதைக் குருவிக்குப் போட்டேன். குருவியும் தொடவில்லை.

இப்போது கை பழகிவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு கைப்பிடி விதையைத் தூவி, சின்ன விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். உடனே வாரிவிடவேண்டும். சர்க்கரை ஒரு சிட்டிகை கிடையாது. தேனும் பாதியாகக் குறைத்துவிட்டேன். அதற்குப் பதில் பேரீச்சம்பழத்தை வேகவைத்து மசித்துச் சேர்க்கிறேன். ஆரஞ்சுத் தோலைக் கொஞ்சம் துருவிப் போட்டு, வறுத்த பூசணி விதையும் சேர்த்து, கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு பிடித்துவிட்டால் ஆயிற்று. காலையில் வண்டியில் ஒன்று, பள்ளிக்கூட இடைவேளைக்கு ஒன்று. லாலி இப்போது வகுப்பில் தூங்குவதில்லை. அதற்குப் பதில் ஓயாமல் பேசுகிறாளாம், டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்.

விதை பொரியும்போது ஒரு சத்தம் வருகிறது மரி, எங்கேயோ தூரத்தில் தகரத்தின்மேல் மழை பெய்கிற மாதிரி. லாலி ஸ்டூலில் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில பொரி கல்லைவிட்டுத் துள்ளி மேலே போய்விடும். ஜன்னல் வெயிலில் அது இறங்குகிறதா ஏறுகிறதா என்றே தெரியாமல் அப்படியே மிதக்கும். கொஞ்ச நேரத்தில் அடுக்களை முழுவதும் வெள்ளைத் தூசாக இருக்கும். அவள் தலையிலும் என் மீசையிலும் வந்து உட்காரும். அந்த நேரத்தில் நீ பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாய், இதோ உள்ளே வந்துவிடுவாய் என்பது போல இருக்கும். நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

வண்டியிலும் இப்போது இந்த உருண்டை வாசனைதான். விடியற்காலையில் வாய்க்காலிலிருந்து மூடுபனி எழுந்து சாமந்தித் தோட்டத்தையெல்லாம் மூடிவிடுகிறது. ரோடு தெரியாது, பழக்கத்தில்தான் ஓட்டுகிறேன். உள்ளே எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குவார்கள். டப்பா மூடியைத் திறந்தால் போதும், கண்ணைத் திறக்காமலே நாலு கை நீளும். கொத்தனார் ஒருவர், "என்னப்பா எவேலியோ, சக்கரை வெல ஏறிப்போச்சா?" என்று கேலி செய்துகொண்டே இரண்டு எடுத்துக்கொள்வார். ராத்திரி டியூட்டி முடிந்து வருகிற நர்ஸம்மா செய்முறை கேட்டாள். "எனக்கெங்கப்பா நேரம்?" என்று அவளே அலுத்தும் கொண்டாள். "நேரமில்லாதவங்களுக்குத்தாம்மா இது. நேரமிருந்தா உக்காந்து சமைச்சே சாப்பிடலாமே" என்றேன். பெரிய சமையல்காரன் மாதிரி பேசியதைக் கேட்டு லாலி போர்வைக்குள்ளேயே சிரித்தாள்.

அந்த மூடுபனியில் ஒரு நாள் உன்னைப் பார்த்தேன். கண்ணை மூடித் தூங்கவில்லை, பயப்படாதே, சிக்னலில் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. நீ சர்ச் நிறுத்தத்தில் ஏறினாய். தலைமுடியெல்லாம் வெள்ளைப் பொரி. "இந்த வண்டி எங்க போகுது?" என்று என்னையே கேட்டாய். இத்தனை வருஷமாக ஓட்டுகிற வழி, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைசிச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய். கண்ணாடியில் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ முதுகில் தட்டி, "பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு" என்றார்கள்.

நீ அங்கே இடைவேளையில் மெஷினில் காசு போட்டு பிஸ்கட் எடுத்துத் தின்கிறாய் என்று லாலியிடம் சொன்னாயாம். "அம்மாவுக்கும் பல்லு போயிடும்" என்று அவளுக்கு ஒரே கவலை. அதனால்தான் டப்பா நிறைய உருண்டை. தீர்ந்துவிட்டால் நீயே செய்துகொள்ள, பொரித்த பொரி ஒரு பை தனியாக தெல்ஃபினாவிடம் இருக்கிறது. ஒரே வீட்டில் தங்கியிருக்கிற நீங்கள் எட்டுப் பேர் வரிசையில் நின்று அடுப்புக்குச் சண்டை போடவேண்டாம். தேனையும் பேரீச்சம்பழ மசியலையும் லேசாகச் சூடு காட்டிப் பொரியைக் கலந்து தட்டில் அழுத்தி வைத்தால் போதும். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில்கூடச் செய்துவிடலாம். இதை எழுதும்போதே ஒரு யோசனை வந்தது. எல்லாவற்றையும் அங்கேயே செய்துகொள்ளச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நீ எதற்கு வரப்போகிறாய்? அதனால் உருண்டை உதிராமல் நிற்பதற்கு நான் செய்கிற ஒரு சின்ன வேலையை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். உன்னுடையது உதிரும். உதிரட்டும்.

மேல்தளம் போட்டு முடித்தாயிற்று என்று சொன்னேன் அல்லவா. இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எதற்காக நீ போனாயோ அது முடிந்துவிட்டது. முன்பு ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்போமே, பழக்க தோஷத்தில் லாலி இப்போதும் மழை வந்தால் அந்த வாளியைக் கொண்டுவந்து வைக்கிறாள். காலையில் காலி வாளியை எடுத்து வைக்கிறாள்.

இனி நான் சொல்லவந்ததைச் சொல்கிறேன். செத்தவர்கள் வீடு தேடி வருகிற ஆத்துமாக்கள் நாளுக்கு முன்பு சந்தையில் சர்க்கரை மண்டையோடுகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. லாலி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல்லை ஞாபகப்படுத்தினேன். "அப்ப நாமளே தேன்ல செய்வோம்" என்றாள். எர்லிந்தாவிடம் மண் அச்சு வாங்கி, உருண்டைக்குப் பிசைகிற அதே கலவையை அதில் அழுத்தி எடுத்தோம். கண்ணுக்குத் திராட்சை, பல்லுக்குப் பூசணி விதை. கசப்புச் சாக்லெட்டை உருக்கி, ஈர்க்குச்சியால் நெற்றியில் பெயர் எழுதுவது அவள் வேலை. எனக்கு ஒன்று செய்தாள், முன்பல் இரண்டு இல்லாமல். எர்லிந்தாவுக்குச் செய்ததில் முகத்தில் பாதி வாய்தான். எர்லிந்தா அதைக் கையில் வாங்கியதும், "என்னைய மாதிரியே அழகா இருக்குடி" என்று சொல்லி அங்கேயே தன் தலையைக் கடித்துத் தின்றாள். உன் பெயர் எழுதியதை மட்டும் லாலி யாருக்கும் காட்டவில்லை. ஒரு சாயங்காலம் முழுவதும் அதற்கே செலவழித்தாள். சாமந்தி இதழைக் கத்தரித்து இமைகூட வைத்திருக்கிறாள்.

ஆத்துமாக்கள் நாளன்று அப்பாவின் படத்தை வைத்து, அவர் தொப்பியை வைத்து, காபியும் உப்பும் மெழுகுவர்த்தியுமாகப் படையல் போட்டேன். வாசலிலிருந்து படையல் வரைக்கும் சாமந்திப் பாதை போடுவது லாலியின் பொறுப்பு. ரொம்ப நேரமாக ஆளைக் காணோமே என்று வெளியே போய்ப் பார்த்தால், வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மூலையில் நிறுத்தியிருந்த நம் மினிபஸ்ஸின் படிக்கட்டு வரை இதழ்களைத் தூவியிருக்கிறாள். தாத்தா பஸ்ஸிலா வரப்போகிறார் என்று கேட்டுச் சிரித்தேன். அவள் இன்னும் ஒரு பிடி இதழை அள்ளிப் படிக்கட்டில் போட்டாள். காற்றில் தெரு முழுவதும் மஞ்சளாக இருந்தது.

சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது எர்லிந்தா தட்டில் ரொட்டியோடு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தட்டு கீழே விழுந்தது. என் அப்பாவின் தொப்பிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் உன் பெயர் எழுதிய மண்டையோடு இருந்தது. "ஐயோ மாதாவே! உசுரோட இருக்கறவ பேரப் படையல்ல வெச்சது யாருடி? எடு! மொதல்ல எடு!" என்று கத்தி, தனக்கும் போட்டுக்கொண்டு எனக்கும் சேர்த்துச் சிலுவை போட்டாள். லாலி மேசைக் காலைக் கட்டிக்கொண்டுவிட்டாள். "தூரத்துல இருக்கறவங்க வரத்தானே இது? தாத்தா மட்டும் வரலாம், எங்கம்மா வரக்கூடாதா?" என்றாள். எர்லிந்தா கீழே உட்கார்ந்து, குரலை இறக்கி, "அது செத்தவங்களுக்குடி கண்ணு. உங்கம்மா நல்லா இருக்கா, கனடாவுல இருக்கா" என்றாள். அதற்கு உன் மகள் சொன்னாள்: "செத்தவங்க வருஷா வருஷம் தவறாம வர்றாங்கல்ல? அம்மாதான் போன வருஷமும் வரேன்னு சொல்லிட்டு வரல."

எர்லிந்தா குனிந்து ரொட்டியைப் பொறுக்க ஆரம்பித்தாள். போன கிறிஸ்துமஸுக்கு லாலி மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தது எங்கள் இருவருக்குமே ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

எனக்குச் சகுனம் எல்லாம் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உன் பெயரை அங்கே விட்டுவைக்க மனம் வரவில்லை. இரண்டு கையாலும் அதை எடுத்தேன். லாலியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "செத்தவங்களுக்குப் பூவும் பொகையும் போதும்டா. உசுரோட இருக்கறவங்கள நாமதான் வாயத் தொறந்து கூப்பிடணும்" என்றேன். ஏதோ சமாதானத்துக்குச் சொன்னதுதான். அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீ கூப்ட்டியா?" என்று கேட்டாள்.

நான் கூப்பிட்டிருக்கிறேனா மரி? நன்றாக யோசித்துப் பார்த்தேன். "ஒடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறேன். "ஒன்னோட இஷ்டம்" என்று சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். நீயாகவே வரவேண்டும், நான் கேட்டு வந்ததாக இருக்கக்கூடாது என்று ஒரு வறட்டு வீம்பு. நீயும் அங்கே உட்கார்ந்துகொண்டு இவன் கூப்பிடுகிறானா பார்க்கலாம் என்று இருந்திருப்பாயோ? அன்று ராத்திரியே இந்தக் காகிதத்தை எடுத்து வைத்தேன், எழுத இன்றைக்குத்தான் முடிந்தது.

மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போனபோது படிக்கட்டில் பனி ஈரத்தோடு இதழ்கள் ஒட்டிக்கிடந்தன. ஏறினவர்கள் யாரும் அதை மிதிக்கவில்லை. கொத்தனார்கூடக் கேலி பேசாமல், காலை அகலமாக எடுத்து வைத்து ஏறினார். நானும் பெருக்கித் தள்ளவில்லை. இன்னும் ஒன்றிரண்டு அங்கேதான் இருக்கின்றன.

டப்பாவில் மேலே சுற்றி வைத்திருப்பது அந்த மண்டையோடுதான். நெற்றியில் யார் பெயரோ அவர்தான் தின்னவேண்டும், அது உனக்கும் தெரியும். குருவிக்குப் பொடித்துப் போட்டுவிடலாம் என்று எர்லிந்தா சொன்னாள். லாலி சம்மதிக்கவில்லை. உனக்கு அனுப்பலாம் என்றேன். அதற்கு மட்டும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். உருண்டைகளை நீ அங்கேயே தின்னலாம். இதைத் தின்னக்கூடாது. டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்து நம் மேசையில் உட்கார்ந்து, அவள் கண் முன்னால் தின்னவேண்டும்.

சந்தையில் விற்கிற சர்க்கரை மண்டையோடாக இருந்தால் எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும். எர்லிந்தா வீட்டு அலமாரியில் அவள் புருஷன் பெயர் போட்டது இன்னும் இளித்துக்கொண்டிருக்கிறது, தின்னவேண்டியவன் போய் எவ்வளவோ காலமாயிற்று. இது அப்படியில்லை. பிள்ளையின் பல்லுக்காகத் தேனில் பிடித்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் தாங்கும் மரி. அதற்குமேல் நமத்து உதிர்ந்துவிடும், பெயரும் கரைந்துவிடும்.

அதற்குள் வந்துவிடு. கூப்பிடுகிறேன்.

மாதா உன்னைப் பத்திரமாக வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
எவேலியோ